படகுக்கு எந்த எலெக்ட்ரீஷியன்?

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நின்று "ஒரு வயர்மேன் வேணும்" என்று விசாரித்தால் சீக்கிரமே ஆள் கிடைத்துவிடுவார். சயான் பக்கம் போனால் லாரிக்கும் டாக்சிக்கும் செல்ஃப் மோட்டார் பார்க்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். இருவருமே அவரவர் வேலையில் கைதேர்ந்தவர்கள். செம்பூரை ஒட்டிய மாஹுல் கோலிவாடாவிலோ, கொலாபாவின் சசூன் டாக்கிலோ நிற்கும் மீன்பிடிப் படகில் விளக்கு எரியவில்லை, பம்ப் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இவர்களில் ஒருவருக்குத்தான் போன் போகும். அவரும் வந்து விளக்கை எரியவைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். படகுக்காரருக்கும் திருப்திதான். ஆனால் விளக்கு எரிவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் எந்த வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் மீதி வேலை. படகைத் தின்பது அந்த மீதி.

காரில் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பிதான் ஓடும். திரும்புவதற்குத் தனிக் கம்பி கிடையாது. காரின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. இதை 'பாடி எர்த்' என்பார்கள். கம்பி மிச்சம், வேலையும் சுலபம். கார் ரப்பர் டயரில் நிற்பதால் அந்த உடம்பில் ஓடும் மின்சாரத்துக்கு வெளியே போக இடமில்லை. இதே பழக்கத்தோடு ஒருவர் படகுக்கு வந்து, பம்பின் நெகட்டிவ் கம்பியைப் பக்கத்தில் இருக்கும் ஒரு பித்தளை வால்விலோ ஷாஃப்ட் தாங்கியிலோ கட்டிவிட்டால் பம்ப் ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த வால்வின் மறுமுனை கடலில் இருக்கிறது. கடல்நீர் உப்புக்கரைசல், மின்சாரத்துக்கு அது நல்ல சாலை. திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு நீர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

மின்சாரம் ஓர் உலோகத்தை விட்டு நீருக்குள் இறங்கும் இடத்தில் அந்த உலோகம் அணு அணுவாகக் கரையும். எவ்வளவு கரையும் என்று மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே கணக்கு கண்டுபிடித்துவிட்டார். ஓர் ஆம்பியர் மின்சாரம் ஓராண்டு முழுக்க இரும்பிலிருந்து நீருக்குள் இறங்கினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். அவ்வளவு பெரிய கசிவு கண்ணில் பட்டுவிடும், பேட்டரியும் இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஆம்பியர் என்றால் யாருக்கும் தெரியாது. இரும்பு என்றால் நாளொன்றுக்கு இரண்டரை கிராம், செம்பு என்றால் கொஞ்சம் கூடுதல். இரண்டு மாதத்தில் 150 கிராம். படகின் அடியில் நீர் எடுக்கும் வால்வு மொத்தமே சில நூறு கிராம்தான் இருக்கும். அதன் மரை பிய்ந்துகொள்ள அதில் பாதி போதும். ஒரு நாள் காலையில் படகு கட்டிய இடத்திலேயே முழுகிக் கிடக்கும். பலகை விட்டுவிட்டது என்று மரத்தின் மேல் பழி விழும்.

திரும்பும் மின்சாரம் வழிதவறினால் என்ன ஆகும் என்பதை மும்பை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தடவை பெரிய அளவில் யோசித்திருக்கிறது. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். குதிரை டிராமுக்குப் பதில் மின் டிராம் விடலாம் என்ற பேச்சு எழுந்ததும் ஆய்வகத்தாருக்குக் கவலை பிறந்தது. டிராமுக்கு மேலே ஒரு கம்பிதான். மின்சாரம் திரும்புவது தண்டவாளத்தில். தண்டவாளமோ மண்ணில் கிடக்கிறது. அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து நகரம் முழுக்கச் சுற்றும், காந்த ஊசிகளை ஆட்டிவைக்கும். அப்போது ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ், கருவிகளைக் கடலுக்கு அக்கரையில் அலிபாகுக்குக் கொண்டுபோனார். 1904-இல் அங்கே அளவீடு தொடங்கியது. 1907-இல் பம்பாயில் மின் டிராம் ஓடியது. டிராம் போய் அறுபது வருஷம் ஆகிறது. அலிபாக் காந்த ஆய்வகம் இன்றும் வேலை செய்கிறது.

ஒரு தண்டவாளத்துக்கே இந்தப் பாடு என்றால், நாலு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த படகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படகில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பம்புக்கும் இரண்டு கம்பி போக வேண்டும், போக ஒன்று, வர ஒன்று. என்ஜினோடு நெகட்டிவ் சேர்வது பல படகுகளில் இயல்பு, செல்ஃப் மோட்டாருக்கு அது தேவை. ஆனால் அது ஒரே ஓர் இடத்தில், தடித்த கேபிளில் நடக்க வேண்டும். வழியில் கண்ட இரும்பையும் பித்தளையையும் கம்பியாக்கக் கூடாது.

இந்தக் கசிவைச் சாதாரண மல்டிமீட்டரை வைத்தே பிடிக்கலாம். படகில் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும். தானாக ஓடும் பம்பின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். மெயின் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருக்கட்டும். பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் பிடிக்க வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் நல்லது. 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால், எல்லாம் அணைந்திருந்தும் மின்சாரத்துக்கு எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழி எவ்வளவு அகலம் என்று பார்க்க மீட்டரை ஓமுக்கு மாற்றி, கழற்றிய பாசிட்டிவ் கேபிளுக்கும் நெகட்டிவ் கேபிளுக்கும் இடையில் வைக்க வேண்டும். 10,000 ஓம் காட்டினால் கசிவு ஒரு மில்லி ஆம்பியர் அளவு, விட்டுவிடலாம். 1,000 ஓம் என்றால் 12 மில்லி ஆம்பியர், தேட வேண்டும். 100 ஓம் என்றால் நாம் மேலே பார்த்த 0.1 ஆம்பியருக்கும் கூட. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதை எடுத்ததும் எண் ஏறுகிறதோ அந்தக் கம்பிதான் குற்றவாளி. பல படகுகளில் அது அடித்தளத்து நீரை இறைக்கும் பம்பின் கம்பியாக இருக்கும். அதன் இணைப்புதான் எப்போதும் நனைந்துகொண்டிருப்பது. கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேலைக்கு வருகிறவர் முதலில் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். பையைத் திறந்ததும் டெஸ்டரையும் டேப்பையும் எடுக்கிறவரா, மீட்டரை எடுக்கிறவரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி வீட்டு வயர்மேன். அவருடைய பழக்கம் வேறு, அது செய்யும் கேடும் வேறு. வீட்டில் 230 வோல்ட். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் மின்சாரம் 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினால் வழியில் 1.7 வோல்ட் தொலையும். 230-இல் 1.7 என்பது ஒரு பொருட்டே இல்லை. அதே கம்பியை அவர் படகில் இழுத்தால் 12-இல் 1.7 தொலைகிறது, ஏழில் ஒரு பங்கு. பம்ப் சோர்ந்து ஓடும், விளக்கு மஞ்சளாகும், பேட்டரி பழசாகிவிட்டது என்று புதுசு வாங்குவார்கள். முக்கியமான இணைப்புகளில் இழப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது படகு மின்வேலையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. கணக்குப் போட்டால் இதே பம்புக்கு ஏறத்தாழ 5 சதுர மில்லிமீட்டர் வருகிறது. கடையில் கிடைப்பது 6. கம்பி சூடாகவில்லையே, போதும் என்பது வீட்டுக் கணக்கு.

கம்பியின் ரகமும் முக்கியம். வீட்டுச் சுவருக்குள் ஒற்றைக் கம்பி ஐம்பது வருஷம் அசையாமல் கிடக்கும். டீசல் என்ஜின் நாள் முழுக்க உதறும் படகில் அது ஒரே இடத்தில் வளைந்து வளைந்து ஒடியும். பல இழை வேண்டும். அந்த இழைகளின் மேல் ஈயம் போலப் பளபளக்கும் வெள்ளீயப் பூச்சும் வேண்டும். பூசாத செம்பில் உப்பு ஈரம் இன்சுலேஷனுக்கு உள்ளாகவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, பல அடி ஏறிப் போகும். வெளியே கம்பி புதுசு போல இருக்கும். ஓர் அங்குலம் சீவினால் உள்ளே கறுத்துக் கிடக்கும். ரே ரோடு தாருகானாவில் உடைத்த கப்பல்களின் கேபிள் கிடைக்கும். அதில் அருமையான சரக்கும் உண்டு, ஆயுள் முடிந்ததும் உண்டு. இரண்டு முனையிலும் சீவிப் பாருங்கள். இழை கறுப்பாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டு வயர்மேன் செய்யும் இன்னொன்று, லோஹார் சாலில் வாங்கிய வீட்டு எம்சிபியைப் பேட்டரி இணைப்பில் போடுவது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் போகும். சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூச்சியத்தில் அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்துக்குப் பூச்சியமே கிடையாது, பொறி பற்றிக்கொண்டே இருக்கலாம். 24 வோல்ட்டும் அதற்கு மேலும் போகும்போது இது விளையாட்டில்லை. நேர்மின்சாரத்துக்கென்று குறித்த பிரேக்கரோ ஃபியூஸோ வேண்டும். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில் வேண்டும். லாரிக்குப் போடும் பெரிய பேட்டரி ஒன்று ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், ஸ்பேனர் சிவக்கும். ஃபியூஸ் சுக்கான் அறையில் இருந்து, பேட்டரியிலிருந்து அங்கே போகும் கம்பி நடுவில் உரசி ஷார்ட் ஆனால், அந்த ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். அமெரிக்கப் படகுக் கட்டுமானத் தரநிலை பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. செல்ஃப் மோட்டாரின் கேபிளுக்கும் வேறு சில இணைப்புகளுக்கும் விலக்கு உண்டு. 7 அங்குலம் ஒரு சாணுக்கும் குறைவு. கையை வைத்தே அளந்துவிடலாம்.

எல்லா உலோகத்தையும் எர்த்தோடு சேர்த்துக் கட்டு என்பது வயர்மேனுக்கு வேதவாக்கு. வீட்டில் அது உயிர் காக்கும். மரப்படகில் அதையே அளவு தெரியாமல் செய்தால் வேறு வில்லங்கம் வரும். அதைப் புரிந்துகொள்ள 1824-க்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்த செம்புத் தகடு கடல்நீரில் கரைந்துகொண்டே போனது. ஹம்ஃப்ரி டேவி, செம்போடு கொஞ்சம் இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தால் அது கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். சோதனைக்குப் போன கப்பல்களில் ஒன்று எச்எம்எஸ் சமரங். 1822-இல் நம் கொச்சியில் தேக்கில் கட்டியது. செம்பு கரைவது நின்றது. ஆனால் சிப்பியும் பாசியும் அதன் மேல் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கரைகிற செம்புதான் அதுவரை அவற்றைக் கொன்றுவந்தது. கடற்படை டேவியின் முறையைக் கைவிட்டது.

இன்று சுழல்விசிறிக்குப் பக்கத்தில் அறையும் துத்தநாகக் கட்டிக்கு டேவிதான் மூத்தவர். துத்தநாகத்துக்கும் வெண்கலத்துக்கும் கடல்நீரில் முக்கால் வோல்ட் அளவு வித்தியாசம் இருக்கும். அந்த விசையில் துத்தநாகம் கரைந்து வெண்கலம் தப்பும். ஆனால் காக்கப்படும் உலோகத்தின் முகத்தில் காரம் உண்டாகும். ஃபைபர் படகில் இதனால் பெரிய நஷ்டமில்லை. மரத்தில் அந்தக் காரம், நாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினை அரித்துவிடும். வால்வைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் அழுத்தினால் தேக்கு ஈரப் பஞ்சாக அமுங்கும். எல்லாவற்றையும் கம்பியால் பிணைத்து, போதாக்குறைக்கு நாலு கட்டி ஜிங்க்கும் அறைந்த மரப்படகுகளில் இது வரும். உலோகம் புத்தம்புதுசாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பலகை போயிருக்கும். மர வேலைக்காரருக்கும் மின் வேலைக்காரருக்கும் நடுவில் யாருடைய தவறு என்று தெரியாமலே போகும் பழுது இது. உங்கள் படகு மரமா ஃபைபரா இரும்பா என்று கேட்காமலே வேலையைத் தொடங்குகிற எலெக்ட்ரீஷியனை நான் நம்ப மாட்டேன்.

கரையிலிருந்து 230 வோல்ட் இழுக்கும்போது மட்டும் கதை மாறும். அங்கே எர்த் கம்பியை விடவே கூடாது. அதன் வழியாகப் படகின் உலோகம் ஜெட்டியின் இரும்போடும் பக்கத்துப் படகோடும் சேர்ந்து அரிப்பு கூடும் என்பது உண்மை. அதற்குப் பயந்து எர்த்தை வெட்டிவிடுபவர்கள் உண்டு. வெட்டியவருக்கு மிச்சமாவது கொஞ்சம் துத்தநாகம், பணயம் ஆள் உயிர். சில பத்து மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் போதும். அரிப்புக்குத் தனியாக ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி, சேற்றில் நின்றுகொண்டு கிரைண்டரும் வெல்டிங்கும் ஓட்டும்போது, கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத ஒயர் பெட்டியை யாரும் தொடக் கூடாது.

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திசைகாட்டிக்கு ஓர் அடி தள்ளி 10 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி இருந்தால், மும்பைப் பக்கம் அதன் ஊசி 10 பாகை வரை விலகலாம். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முறுக்க ஒரு பைசா செலவில்லை.

படகில் மின்கருவிகள் கூடிக்கொண்டே போகின்றன. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில் நாடு முழுக்க ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் தருவதாக ஏற்பாடு. ஜிபிஎஸ், மீன்காட்டி, விஎச்எஃப் ரேடியோ எல்லாம் ஏற்கெனவே வந்தாயிற்று. இவற்றுக்கு நடுவில் மலிவான எல்இடி விளக்கு ஒன்று புகுந்தால் அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று ரேடியோவை மூட்டமாக்கிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. சோதிப்பது எளிது. ரேடியோவை ஆளில்லாத சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு படகுக்கு ஆகாது. சிலர் "நூறு எல்இடி போட் பண்ணியிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள், வெளிச்சம் காட்டி மீனை இழுக்கும் படகுகளைத்தான். ஜெனரேட்டர் வைத்து வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. அந்த அனுபவத்தைத் தகுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அப்படியானால் யாரைத்தான் கூப்பிடுவது? நம் ஊரில் இதற்கென்று முத்திரை குத்திய சான்றிதழ் கிடையாது என்பதே நிலைமை. அமெரிக்காவில் படகு மின்வேலைக்குத் தனித் தேர்வு வைத்துச் சான்று தருகிறார்கள். இங்கே மாநில அரசு தரும் வயர்மேன் உரிமம் கட்டடத்தையும் ஆலையையும் மனதில் வைத்தது. பெரிய கப்பலுக்கு எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆஃபீசர் என்று ஒருவர் உண்டு. கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் தேர்வு வைத்து அவருக்குச் சான்று தருகிறது. அந்த அலுவலகம் மும்பையில்தான் இருக்கிறது. கசிவைத் தேடுவது அவருக்கு அன்றாட வேலை. ஆனால் அவர் கை பழகியது 440 வோல்ட்டில், 12 வோல்ட்டில் அல்ல. மாட்டுங்கா விஜேடிஐயில் மின்பொறியியல் படித்த பிள்ளைக்கு ஃபாரடே விதி தலைகீழ்ப் பாடம். அடித்தளத்தில் குப்புறப் படுத்து லக் அடித்த பழக்கம் இருக்காது. என்னைக் கேட்டால், கடற்படையின் மின்பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்களைத் தேடச் சொல்வேன். ஜாம்நகர் ஐஎன்எஸ் வல்சுராவில் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். மும்பையில் பலர் குடியிருக்கிறார்கள், தமிழர்களும் உண்டு. அவர்கள் கிடைக்காவிட்டால் பாவுச்சா தக்காவிலோ மஜ்காவிலோ பயணிகள் லாஞ்ச்களைப் பராமரிக்கும் பட்டறை ஆட்கள்.

அதுவும் முடியாது, தெரிந்த வயர்மேன்தான் என்றால் அவரை வைத்தே வேலை வாங்கலாம். கையும் அவருக்கு உண்டு, புத்தியும் உண்டு. தெரியாதது கடல் மட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: "இந்த பம்போட நெகட்டிவ் எது வழியாத் திரும்புதுண்ணே?" என்று. கம்பியைத் தொட்டுக் காட்டிப் பேட்டரி வரை கூட்டிப்போனால் சரி. "பாடியில கொடுத்திருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இணைப்பை எப்படிப் போடுவார் என்று கேளுங்கள். லக் போட்டு, கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தி, மேலே பசை உருகி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றுவேன் என்பவருக்குக் கூலி கொஞ்சம் அதிகமாகக் கொடுக்கலாம். வெறும் பற்றவைப்பு போதாது. ஈயம் ஏறிய இடத்தில் கம்பி விறைத்து, உதறலில் அங்கேயே ஒடியும். அவர் முன்பு வேலை பார்த்த படகு ஒன்றைப் போய்ப் பாருங்கள். புதுப் படகு வேண்டாம், இரண்டு மழைக்காலம் பார்த்த படகாக இருக்கட்டும். அதை ஓட்டும் தாண்டேலிடம் ஜிங்க் கட்டியை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார் என்று கேளுங்கள். முன்பைவிடச் சீக்கிரம் கரைகிறது என்றால் அந்தப் படகில் கசிவைத் தேட வேண்டும்.

வேலை முடிந்ததும் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் வரைந்து வாங்குங்கள். தமிழோ மராத்தியோ இந்தியோ, எதில் எழுதினாலும் சரி. லேமினேட் பண்ணிச் சுக்கான் அறையில் ஒட்டிவையுங்கள். நடுக்கடலில் இரவில் புகை வரும்போது எதைப் பிடுங்க வேண்டும் என்று கலாசிக்குத் தெரிய வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதம்தான் இந்த வேலைக்கு உகந்தது. ஜூலை கடைசி வாரத்தில் எல்லாரும் எலெக்ட்ரீஷியனைத் தேடுவார்கள். நீங்கள் ஜூனிலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள்.